எதிர்க் கட்டடத்து மெஷின்

காலை ஏழு மணிக்கு லேபிலிருந்து போன். "ஏனுங் தம்பி, ராத்திரி பூரா நான் ஏத்துன ரிசல்ட்டுல ஒண்ணக்கூடக் காணோமுங்களே. வார்டு சிஸ்டருங்க வேற வந்து நிக்கிறாங்க." லேப் பொறுப்பிலிருந்த அக்கா எளிதில் பதறுகிறவர் அல்ல. அன்று அவர் குரல் பதறியது. 2012-ம் வருடம், கோவையில் ஒரு மருத்துவமனை. அதன் சர்வர்கள் என் பொறுப்பில் இருந்தன.

டெர்மினலைத் திறந்து டிஆர்பிடி-யின் நிலையைக் கேட்டேன். பழைய கட்டடத்து மெஷின் தன்னை 'ஸ்டாண்ட்அலோன்' என்றது. எதிர்க் கட்டடத்து மெஷினைப் பற்றிக் கேட்டால் 'அன்னோன்' என்றது. லாகை மேலே நகர்த்திக்கொண்டே போனேன். விடிகாலை 5:10-க்கு ஒரு வரி கிடைத்தது: ஸ்பிளிட் பிரெய்ன், தீர்க்க முடியவில்லை, இணைப்பை விடுகிறேன். அப்படி ஒரு வரி வரும் என்று கையேட்டில் படித்திருக்கிறேன். நான் கட்டிவைத்த மெஷினில் படித்தது அன்றுதான்.

அந்த அமைப்பை 2010-ல் நான்தான் போட்டேன். மருத்துவமனைக்கு இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு தெரு. பழைய கட்டடத்தில் வார்டுகளும் பில்லிங்கும். புதியதில் லேபும் ஐசியூவும். ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் நோயாளிகளின் விவரம் போகக்கூடாது என்பதற்காகக் கட்டடத்துக்கு ஒரு சர்வர் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஃபைபர் ஜோடி. ஒரு மெஷின் பிரைமரி: அதில்தான் டேட்டாபேஸ் ஓடும். இன்னொன்று செகண்டரி: முதல் மெஷின் டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் அப்படியே தன் டிஸ்க்கிலும் எழுதிக்கொண்டு காத்திருக்கும்.

இப்படி எழுதவைப்பது டிஆர்பிடி. வியன்னாவில் ஃபிலிப் ரைஸ்னர் 2000-ம் ஆண்டு வாக்கில் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தொடங்கிய வேலை அது. 2010-ல் வந்த லினக்ஸ் கர்னல் 2.6.33-ல் அது கர்னலின் பகுதியாகவே ஆனது. ஃபைல், டேட்டாபேஸ் என்றெல்லாம் அது பிரித்துப் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் எந்தப் பிளாக் மாறியதோ அதை எடுத்து அந்தப் பக்கம் அனுப்பும். எப்போது 'எழுதியாகிவிட்டது' என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு மூன்று முறைகள் உண்டு. ஏ முறையில், தன் டிஸ்க்கில் எழுதி நெட்வொர்க் பஃபரில் போட்டவுடனே சொல்லிவிடும். பி முறையில், அந்தப் பக்கத்து மெஷினின் நினைவகம் வரை போய்ச் சேர வேண்டும். சி முறையில் இரண்டு டிஸ்க்கிலும் உட்கார்ந்த பிறகுதான் பதில். ரத்தப் பரிசோதனை முடிவுகள் கிடக்கும் டிஸ்க்குக்கு சி-யைத் தவிர வேறெதையும் நான் யோசித்ததில்லை. ஒரு தெரு அகலத் தூரத்தில் அதனால் வரும் தாமதம் யாருக்கும் தெரியாது.

யார் பிரைமரி என்று முடிவுசெய்வது டிஆர்பிடி-யின் வேலை அல்ல. அதற்கு மேலே பேஸ்மேக்கர் இருக்கிறது. இரண்டு மெஷின்களும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று ஹார்ட்பீட் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் குரல் நின்றால் மறுபக்கம் எழுந்து டிஸ்க்கை பிரைமரி ஆக்கி, ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்து, டேட்டாபேஸைக் கிளப்பி, எல்லாக் கம்ப்யூட்டர்களும் தேடுகிற அந்த ஒரே ஐபி முகவரியைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். திறப்பு விழா அன்று பழைய கட்டடத்து சர்வரின் பவர் கார்டை எல்லோர் முன்னிலையிலும் உருவினேன். ஒரு நிமிடத்துக்குள் எதிர்க் கட்டடம் எழுந்து நின்றது. கை தட்டினார்கள். ஃபைபரை உருவிப் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

குரல் நின்றது என்றால் என்ன அர்த்தம்? எதிரே இருப்பவர் செத்திருக்கலாம். இருவருக்கும் நடுவே உள்ள கம்பி அறுந்திருக்கலாம். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். பத்து நொடி காத்திருந்தாலும் பத்து நிமிடம் காத்திருந்தாலும் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க பேஸ்மேக்கரில் ஸ்டோனித் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் விரிவு 'மற்றவன் தலையில் சுடு' என்பது. எதிர் மெஷினின் கரண்டை நீயே நிறுத்து, நின்றுவிட்டது என்று உறுதியானதும் அதன் இடத்தில் உட்கார். பெயர் கொடூரமாக இருந்தாலும் செய்வது நியாயமான வேலை. பழகுவதற்காக அமைக்கும்போது அதை அணைத்து வைக்கச் சொல்லி ஒரு வரி உண்டு. அந்த வரியை நான் எழுதிய இடத்திலேயே விட்டுவிட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

2012-ல் கோவையில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளில் பாதியை இருட்டில் கழித்த காலம். ஃபைபரின் இரு முனையிலும் ஒரு மீடியா கன்வெர்ட்டர், கைக்கடக்கமான டப்பா, ஐந்து வோல்ட் அடாப்டரில் ஓடுவது. சர்வர்கள் யுபிஎஸ்ஸில் இருந்தன. பழைய கட்டடத்து மீடியா கன்வெர்ட்டர் மட்டும் சாதாரண பிளக்கில் இருந்தது. மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்த கரண்டில் அன்று இரவு 1:40-க்கு அந்த அடாப்டர் கருகியது.

புதிய கட்டடத்து மெஷினுக்குக் குரல் கேட்கவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டித் தான் பிரைமரி ஆனது. பழைய கட்டடத்து மெஷினுக்கும் குரல் கேட்கவில்லை. அது ஏற்கெனவே பிரைமரி. தொடர்ந்து வேலை செய்தது. ஒரே ஐபி இரண்டு கட்டடத்திலும் உயிரோடு இருந்தது. வார்டில் உட்கார்ந்து பதிவுசெய்தவர்களுக்குப் பழைய கட்டடத்து மெஷின் பதில் சொன்னது. லேபிலும் ஐசியூவிலும் உட்கார்ந்தவர்களுக்குப் புதிய கட்டடத்து மெஷின். ஸ்பிளிட் பிரெய்ன் என்பது இதுதான்: மூன்றரை மணி நேரம் இரண்டு மருத்துவமனைகள் நடந்தன. யாருடைய திரையும் நிற்கவில்லை, யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. சர்வர் நின்றுபோயிருந்தால் இரண்டே நிமிடத்தில் என்னை எழுப்பியிருப்பார்கள்.

வார்டு சிஸ்டர்கள் லேபுக்குப் போன் செய்திருக்கிறார்கள்: ரிசல்ட் இன்னும் வரவில்லையே என்று. ஏற்றிவிட்டேன் என்று லேபில் சொல்லியிருக்கிறார்கள். வார்டில் பதிந்த பரிசோதனைக் கோரிக்கை லேபுக்கு வரவில்லை. மாதிரியோடு வந்த சீட்டைப் பார்த்து லேபிலேயே புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். ஐந்து மணிக்கு, எதிர்க் கட்டடத்துக் கேமரா தெரியவில்லை என்று வாட்ச்மேன் சொல்லி, எலக்ட்ரீஷியன் அண்ணன் போய்ப் பார்த்து, கருகிய அடாப்டரைக் கழற்றி வேறொன்றைச் சொருகியிருக்கிறார். ஃபைபருக்கு உயிர் வந்ததும் பேஸ்மேக்கர் இரண்டு பிரைமரிகளைக் கண்டு ஒன்றை இறக்கியது. இறங்கியது லேப் பக்கத்து மெஷின்.

டிஆர்பிடி மட்டும் அங்கே மிகச் சரியாக நடந்துகொண்டது. ஒவ்வொரு பிரதிக்கும் அது ஒரு வம்சாவளி எண் வைத்திருக்கிறது. எதிரே யாரும் இல்லாதபோது ஒரு மெஷின் பிரைமரியாக எழுதத் தொடங்கினால் புது எண் பிறக்கும், பழைய எண் மூதாதையாகிவிடும். மறுபடி சந்திக்கும்போது இரண்டும் எண்களை ஒப்பிடும். ஒருவர் மற்றவரின் மூதாதை என்றால் சிக்கல் இல்லை, பின்தங்கியவருக்கு மிச்சத்தை அனுப்பினால் போதும். இங்கே இரண்டும் ஒரே பாட்டனுக்குப் பிறந்த பங்காளிகள். யார் வீட்டுச் சொத்தை அழிப்பது என்று டிஆர்பிடி தானாக முடிவெடுக்காது, கையை எடுத்துக்கொண்டது. அன்று அது தன் இஷ்டத்துக்கு ஒன்றை அழித்திருந்தால் எனக்கு மீள வழியே இருந்திருக்காது.

அதைத் தானாக முடிவெடுக்க வைக்கவும் செட்டிங் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். குறைவாக மாறிய பக்கத்தைத் தூக்கி எறி, பிந்திப் பிரைமரி ஆனதைத் தூக்கி எறி என்றெல்லாம் எழுதி வைக்கலாம். எழுதி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலெல்லாம் கெஞ்சி மாற்றச் சொல்லியிருக்கிறேன். பிளாக் எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால், ஐசியூவில் ஒருவருக்கு எடுத்த நாலு ரிசல்ட் பில்லிங் ரிப்போர்ட் ஒன்றிடம் தோற்றுப்போகும். ஒரு பக்கம் எதுவுமே எழுதப்படவில்லை என்றால் அதைக் கைவிடலாம். அந்த ஒரு விதியை மட்டும் நான் அனுமதிப்பேன். மற்றபடி நின்றுவிட வேண்டும், மனிதன் வந்து பார்க்க வேண்டும்.

அன்று மனிதன் நான். மருத்துவமனை முழுவதையும் தாளுக்கு மாற்றச் சொன்னேன். லேப் பக்கத்து 500 ஜிபி டிஸ்க்கை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுத்தேன், ஒன்றரை மணி நேரம். டேட்டாபேஸிலிருந்து தனி டம்ப் எடுத்தேன். எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்து, படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். அதன் பிறகுதான் லேப் பக்கத்தில் 'என் டேட்டாவை விட்டுவிடுகிறேன்' என்ற அந்தக் கமாண்டை அடித்தேன். டிஆர்பிடி மாறிய இடங்களை நாலு கேபிக்கு ஒரு பிட் என்று குறித்து வைத்திருக்கும். அவற்றை மட்டுமே அனுப்பும். ஒன்றேகால் ஜிபி இருந்தது. நாற்பது நொடிகூட ஆகவில்லை, மூன்றரை மணி நேரம் லேபில் செய்த வேலை அந்த டிஸ்க்கிலிருந்து போய்விட்டது.

திரும்பச் சேர்ப்பதற்கு மூன்று நாள் ஆனது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிலிருந்து வரிசையைத் தொடர்ந்திருந்ததால் ஒரே பில் நம்பர் இரண்டு பேருக்குப் போயிருந்தது. அதையாவது சரிசெய்துவிடலாம். ரத்த மாதிரியின் எண்ணும் ஒன்றே இரண்டு நோயாளிகளுக்குப் போயிருந்தது. வார்டில் ஒருவர் பெயரில் இருந்த எண், லேபில் இன்னொருவருடைய ரத்தம். கண்ணை மூடிக்கொண்டு டம்ப்பை ஏற்றியிருந்தால் ஒருவருடைய பொட்டாசியம் அளவு இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எங்களைக் காப்பாற்றியது அந்த அக்காவின் நோட்டு. கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும், ஒவ்வொரு மாதிரியையும் நேரம், பெயர், வார்டு என்று கையால் எழுதும் வழக்கத்தை அவர் விடவில்லை. ஆபத்தான அளவு எதுவானாலும் போனில் சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்பதையும் எழுதுவார். அன்று இரவும் இரண்டு பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார். அதனால் யாருக்கும் சிகிச்சை தவறவில்லை. நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவர் நோட்டைப் பார்த்து 'ஆமாங்', 'இல்லீங்' என்று சொல்ல, மூன்று நாள்.

அதே வருடம் டிசம்பர் 22-ம் தேதி, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப் விழுந்தது. அவர்களும் ஃபைல் சர்வர்களை டிஆர்பிடி, ஹார்ட்பீட், பேஸ்மேக்கர் வைத்து ஜோடி ஜோடியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க் சற்று நேரம் உறைந்து மீண்டபோது, ஜோடியில் ஒவ்வொன்றும் மற்றது செத்ததென்று நினைத்துச் சுடச் சொல்லியிருக்கிறது. சில ஜோடிகளில் இரண்டுமே விழுந்தன. மீள ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடந்ததை அவர்கள் விரிவாக எழுதியிருந்தார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்களிடம் ஸ்டோனித் இருந்தது. அது இருந்தும் விழுந்திருக்கிறார்கள்.

ஆகவே ஸ்டோனித்தை இயக்கிவிட்டு நான் ஓய்ந்துவிடவில்லை. எங்கள் இடத்தில் சுடும் கருவி ஐபிஎம்ஐ: சர்வரின் மதர்போர்டிலேயே இருக்கும் குட்டிக் கணினி, தனி நெட்வொர்க் போர்ட்டோடு. ஃபைபர் அறுந்தால் அந்தப் பக்கத்து ஐபிஎம்ஐக்கும் போக முடியாதே? அதற்காக மருந்தகக் கட்டடம் வழியாக இரண்டாவது ஃபைபர் இழுத்தோம். மருந்தகத்தில் பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கிளஸ்டரின் மூன்றாவது உறுப்பினராக வைத்தேன். அது எந்த வேலையும் செய்யாது, எப்போதும் ஸ்டாண்ட்பை. அதற்கு ஒரு ஓட்டு மட்டும் உண்டு. தனித்துவிடப்பட்ட மெஷின் மூன்றில் ஒரு ஓட்டோடு நிற்கும், தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும். டிஆர்பிடி 9-ல் இந்தப் பெரும்பான்மைக் கணக்கு டிஸ்க்கின் மட்டத்திலேயே வந்துவிட்டது. டிஸ்க் இல்லாத மூன்றாவது மெஷினே சாட்சியாக இருக்கலாம். அன்று எங்களுக்கு அந்த வசதி இல்லை.

மூன்றாவது ஓட்டுக்கு வழியில்லாத இடங்களும் உண்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒரே ரேக்கில் இரண்டு சர்வர். ஸ்விட்ச் ஒரு தடவை தடுமாறினால் இரண்டும் ஒரே கணத்தில் சுட்டுக்கொள்ளும். அதற்கு ஒரு பக்கம் மட்டும் பதினைந்து நொடி தாமதம் கொடுத்தேன். பிரைமரிக்குக் குறிவைக்கிறவன் காத்திருப்பான், பிரைமரி முந்திக்கொள்ளும். அடுத்த சிக்கல் உடனே வந்தது: சுடப்பட்டது பூட் ஆகி எழுந்து, எதிரியின் குரல் கேட்காமல், எழுந்த வேகத்தில் எதிரியைச் சுட்டது. சுடப்பட்ட மெஷின் தானாகக் கிளஸ்டருக்குள் வரக்கூடாது, நான் பார்த்த பிறகே வர வேண்டும் என்று மாற்றினேன். பழைய பிரைமரி திரும்பி வந்ததும் வேலையை அதற்கே திருப்பிக் கொடுக்கிற பழக்கத்தையும் நிறுத்தினேன். நெட்வொர்க் கார்டு பழுதான மெஷின் ஒன்று ஒரு மணி நேரத்தில் நாலு முறை போய் வந்ததைப் பார்த்த பிறகு, இருக்கிற இடத்திலேயே இரு என்பதற்கான எண்ணை எப்போதும் உயர்த்தியே வைக்கிறேன்.

நேர அளவுகளில்தான் நான் அதிகம் தடுமாறியிருக்கிறேன். பேஸ்மேக்கருக்காக ஹார்ட்பீட்டைக் கவனிக்கும் கோரோசிங்க், ஒரு நொடி குரல் கேட்கவில்லை என்றாலே பதறும்படி அன்று வந்தது. இரவு பேக்கப் ஓடும்போது ஒரு நொடி என்பது ஒன்றுமே இல்லை, பத்தாக்கினேன். அதைவிட முக்கியம் டேட்டாபேஸ் எழுந்திருக்கத் தரும் அவகாசம். கரண்ட் போய் விழுந்த மைஎஸ்க்யூஎல், தன் லாகைப் படித்து விட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறக்கும். எங்களுக்கு அது மூன்று நிமிடம் வரை எடுத்தது. நான் கொடுத்திருந்த அவகாசம் 60 நொடி. சோதனையில், எழுந்துகொண்டிருந்த டேட்டாபேஸை, எழவில்லை என்று சொல்லி பேஸ்மேக்கரே கொன்றது. பத்து நிமிடமாக மாற்றினேன். நோயாளியை எழுப்ப அனுபவமுள்ள செவிலியர் எவ்வளவு நேரம் கொடுப்பாரோ அந்தப் பொறுமை அங்கே வேண்டும்.

சோதனையை இப்போதெல்லாம் பகலில், வேலை நேரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறேன். நெட்வொர்க்கைக் கமாண்டில் அணைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பழைய கோரோசிங்க் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். கேபிளைக் கையால் உருவ வேண்டும். ஃபைபர் ஒன்று, பிறகு மற்றது, பிறகு இரண்டும். ஒரு டிஸ்க்கைப் பிடுங்க வேண்டும்: டிஆர்பிடி அந்த டிஸ்க்கை விட்டுவிட்டு எதிர்க் கட்டடத்து டிஸ்க்கிலிருந்தே படித்து எழுதித் தொடர்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. தன் டிஸ்க் செத்த மெஷினை எதிர் மெஷின் தாங்கிப் பிடித்திருக்கும், திரையின் முன்னே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஐபிஎம்ஐக்கு ஒரு குறை உண்டு. சர்வருக்கு மொத்தமாகக் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அப்போது எதிர் மெஷின் சுடச் சொன்னால் பதிலே வராது. பதில் வராதபோது கொன்றதாக வைத்துக்கொள்ளலாமா, காத்திருக்கலாமா? காத்திருக்கட்டும் என்று எழுதினேன். நிர்வாகத்தில் கேட்டார்கள், மூன்று லட்சம் செலவு பண்ணிய பிறகும் ஆள் வர வேண்டுமா என்று. அந்த மூன்று நாள் நோட்டைப் புரட்டியதை நினைவுபடுத்தினேன். ஒப்புக்கொண்டார்கள்.

2013-ல் ஒரு நாள் இரவு 2:50-க்குப் பழைய கட்டடத்து யுபிஎஸ் வெடித்தது. சர்வரின் இரண்டு பவர் கார்டுகளும் அதே யுபிஎஸ்ஸில். அதை நான் முன்பே பிரித்திருக்க வேண்டும். என் போனுக்கு எச்சரிக்கை வந்தது. எதிர்க் கட்டடத்து மெஷின் மருந்தகத்தின் ஓட்டையும் சேர்த்துக்கொண்டு பெரும்பான்மையோடு நின்றது, சுட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை, நான் எழுதியபடி காத்திருந்தது. நான் வீட்டிலிருந்து லாகின் செய்துகொண்டே எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன்.

"அண்ணா, சர்வர் ரூமுக்குள்ள போயிட்டீங்களா? மெஷின்ல லைட்டு ஏதாச்சும் எரியுதுங்களா?"

"ஒண்ணுமில்லீங் தம்பி. ஒரே பொகை நாத்தம். ஃபேன் சத்தங்கூட இல்லீங்."

"பின்னாடி ரெண்டு பவர் கார்டு இருக்கும் பாருங்க. ரெண்டையும் உருவுங்க."

ஏதோ நகர்த்தும் சத்தம் கேட்டது. "உருவிட்டனுங். ரெண்டும் கையில இருக்குது."

அந்த மெஷின் அணைந்திருக்கிறது, மனிதன் பார்த்துவிட்டான் என்று கிளஸ்டருக்குச் சொல்வதற்கு ஒரு கமாண்ட் உண்டு. பொய்யாகவும் அடித்துவிடலாம், மெஷின் நம்பிவிடும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை அடித்தேன். டிஸ்க் பிரைமரி ஆனது. ஃபைல்சிஸ்டம் மவுண்ட் ஆனது. மைஎஸ்க்யூஎல் தன் லாகைப் படிக்க ஆரம்பித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்றாவது நிமிடத்தில் எழுந்தது. ஐபி ஏறியது. மணி 3:14. லேபுக்குப் போன் போட்டேன். நைட் டியூட்டியில் அக்காவே இருந்தார். "வந்துருச்சுங் தம்பி. ராத்திரி ஏத்துனது அத்தனையும் இருக்குது, நோட்டோட வச்சுப் பாத்துட்டேன்."

எலக்ட்ரீஷியன் அண்ணன் இன்னொரு லைனில் அப்படியே இருந்தார். "தம்பி, இந்த வயர எப்பங் சொருகட்டும்?"

"நான் வர்ற வரைக்கும் கையிலயே வச்சிருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.